கூழாங்கல்லை யார் நகர்த்துகிறார்?



பொருள்களைத் தொட்டும் நகர்த்தியும் கூட்டாகக் கதை சொல்வதையும் கூடி யோசிப்பதையும் ஆராயும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமையேற்க அழைத்திருக்கிறீர்கள். நன்றி. கட்டுரைச் சுருக்கங்களை முன்கூட்டியே அனுப்பிவைத்ததற்குத் தனி நன்றி. மழலையர் வகுப்பு, உளநல ஆலோசனை, நிறுவனப் பயிற்சி, ஊரக வளர்ச்சி என்று களம் பரந்து கிடக்கிறது. ஆனால் பெரும்பாலான கட்டுரைகள் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன: கைக்கு வேலை கொடுத்தால் மூளை விழித்துக்கொள்ளும் என்பது. ஃபிரெடரிக் ஃப்ரோபெல் 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் பந்துகளையும் மரக்கட்டைகளையும் குழந்தைகளின் கல்விக்குள் கொண்டுவந்த காலத்திலிருந்தே இதைப் பேசிவருகிறோம். மறுக்க நான் வரவில்லை. ஆனால் தனியாள் போய்க் குழு என்று வந்துவிட்டால் முதலில் கேட்கவேண்டியது வேறு. நடுவில் ஒரு பொருள் வந்ததும் அங்கே யாருக்கு வாய் திறக்கிறது? எல்லாம் முடிந்தபின் அந்தப் பொருள் யார் வீட்டுக்குப் போகிறது?

கூடி யோசிப்பதற்கு இன்று உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் விதிகளை எழுதிவைத்தவர் அமெரிக்க விளம்பரத் துறைக்காரரான அலெக்ஸ் ஆஸ்போர்ன். எந்த யோசனையையும் உடனே குறை சொல்லக் கூடாது, கிறுக்குத்தனமானதையும் வரவேற்க வேண்டும், எண்ணிக்கை பெருக வேண்டும், அடுத்தவர் சொன்னதன் மேல் கட்ட வேண்டும். 1953இல் வந்த அவருடைய 'அப்ளைடு இமாஜினேஷன்' நூல் இவற்றை ஊரெங்கும் கொண்டுசேர்த்தது. ஐந்தே ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் ஆகிய மூவர் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நால்வர் கூடி உட்கார்ந்து யோசித்தது ஒரு பக்கம். தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியல்களை ஒன்றாக்கி, திரும்ப வந்தவற்றை நீக்கியது மறுபக்கம். தனித்தனியே யோசித்தவர்களே வென்றார்கள். ஏன் என்பதற்கு 1987இல் டீல், ஷ்ட்ரோபே என்ற இருவர் சோதனைகளின் வழியாக ஒரு விடை சொன்னார்கள். வெட்கமோ சோம்பலோ பெரிய காரணம் இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் வந்த யோசனை மறந்துபோகிறது, அல்லது சொல்லும் ஆசை போய்விடுகிறது. இந்தத் தலைமை உரை முடிவதற்குள் இந்த அரங்கில் எத்தனை நல்ல யோசனைகள் செத்துப்போகும் என்று எனக்கே கவலையாக இருக்கிறது.

பேச்சுக்கு வரிசை வேண்டும். கைகளுக்கு வேண்டாம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக்கடை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் கல் வைத்தால் ஒரு படம். நம் பொருள்களின் பலம் பெருமளவு இந்த எளிய விஷயத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதை எந்த ஆய்வுக்கூடத்தையும்விடத் தெளிவாகக் காட்டியது நம் நாட்டுக் கிராமத் தரை. 1980களின் இறுதியில் குஜராத்தில் ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டமும் கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனமும் பங்கேற்பு ஊரக மதிப்பீட்டை வளர்த்தெடுத்தன. களப்பணியாளர்களின் வாயில் அது பி.ஆர்.ஏ. 1989 முதல் 1991 வரை ஹைதராபாத்தில் தங்கியிருந்த பிரிட்டிஷ் வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் அதை உலகறியச் செய்தார். தமிழ்நாட்டில் ஊர் மேப் போட்ட அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும், இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாவடிக்கு முன்னால் தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிறார்கள். கோலப்பொடியில் தெருக்கள். கண்மாய்க்குச் சாம்பல், களத்துமேட்டுக்கு உமி, கோயிலுக்குச் செங்கல் தூள். வீட்டுக்கு ஒரு கூழாங்கல். பெண் ஒருத்தி தனியாகக் குடும்பம் நடத்தும் வீடாக இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு புளியங்கொட்டை. வெளியூரிலிருந்து வந்தவர் ஓரமாக உட்கார வேண்டும். தரையில் கோடு போடும் குச்சியை ஊராரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது சேம்பர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம்.

அப்போது நடப்பதைக் கவனிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒரு கல்லை வைக்கிறார். இடம் தவறு. அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல அந்தத் தெருவில் எந்த மருமகளும் துணியமாட்டாள். ஆனால் குனிந்து கல்லைக் கிணற்றுக்கு வடக்கே ஒரு சாண் தள்ளிவைக்க முடிகிறது. கல்தான் திருத்தப்பட்டது, பெரியவர் திருத்தப்படவில்லை. காகிதமும் பேனாவும் இருந்திருந்தால், எழுதத் தெரிந்தவர் கையை விட்டு அது நகர்ந்திருக்காது. எழுதியதை அடிப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். பொடியும் தரையும் தமிழ்நாட்டுப் பெண்களுக்குக் காலையில் எழுந்ததும் கை பழகிய சாதனங்கள். அந்த மண்ணில் பட்டதாரிதான் கற்றுக்குட்டி.

கதை பிறப்பதும் அங்கேதான். பருவ நாட்காட்டி போடும்போது பன்னிரண்டு கற்களை வரிசையாக வைத்து, வேலை கிடைக்கும் நாட்களுக்கும் கடனுக்கும் காய்ச்சலுக்கும் விதைகளைக் குவிப்பார்கள். நகரத்துப் பயிற்சியாளர் ஜனவரியில் தொடங்கச் சொல்வார். ஊர் சித்திரையில் தொடங்கும். ஆடிக்கு நேரே கடன் குவியல் ஏன் இவ்வளவு உயரம் என்று யாராவது கேட்டால், அரை மணி நேரத்துக்குப் படம் நின்றுவிடும், கதை ஓடும். கேள்வித்தாளில் ஆடி மாதக் கடன் ஓர் எண்ணாக மட்டுமே ஏறியிருக்கும்.

பொருள் எப்போதும் எல்லாருக்கும் பொது என்று நினைத்துவிடக் கூடாது. காங்கோவின் தென்கிழக்கில் லூபா மக்களிடம் லுகாசா என்றொரு நினைவுப் பலகை உண்டு. ஒரு கையில் பிடிக்கும் அளவிலான மரத்துண்டு. மேலே மணிகளும் சிப்பிகளும் பதித்திருக்கும். இம்புத்யே என்ற சங்கத்தில் பயின்றவர் அதை இடது கையில் பிடித்து, வலது சுட்டுவிரலால் தடவியபடி அரசர்களின் வரலாற்றையும் குலங்களின் இடப்பெயர்ச்சியையும் சொல்வார். ஒரே பலகை, சொல்பவரையும் அவையையும் பொறுத்து வேறு கதை தரும். மேரி நூட்டர் ராபர்ட்ஸும் ஆலன் ராபர்ட்ஸும் லூபா கலை குறித்து 1996இல் நியூயார்க்கில் அமைத்த கண்காட்சி இதை விரிவாகக் காட்டியது. மணி நகராது, விரல்தான் நகரும். அந்த விரலுக்கு உரிமை தருவது நீண்ட பயிற்சி. நகர்த்தக்கூடிய கல்லுக்கும் நகர்த்தமுடியாத மணிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நம் கட்டுரைகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. 'தொட்டுணரும் கருவி' என்ற ஒரே பெட்டிக்குள் இரண்டையும் போட்டுவிடுகிறோம்.

நிறுவன உலகத்துக்கு வருவோம். லொசான் நகரின் ஐஎம்டி நிர்வாகப் பள்ளியில் யோஹான் ரோஸ், பார்ட் விக்டர் இருவரும் 1990களில் தொடங்கிவைத்த 'லெகோ சீரியஸ் பிளே' முறை 2010இல் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. எல்லாரும் கட்ட வேண்டும், கட்டியதைப் பற்றி எல்லாரும் சொல்ல வேண்டும், கேள்வியைக் கட்டியவரிடம் கேட்காமல் கட்டியதன் மேல் கேட்க வேண்டும் என்பவை அதன் உறுதியான விதிகள். கிணற்றுக்கு வடக்கே கல்லைத் தள்ளிய மருமகளின் உத்தி, விலையுயர்ந்த வண்ணக் கட்டைகளில்.

அதே நிறுவனக் கூட்டங்களில் புழங்கும் ஒட்டுச்சீட்டு எனக்கு அவ்வளவு பிடிக்காத பொருள். குறை சீட்டில் இல்லை. சுவரில் தலைப்புகளை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்பச் சீட்டுகளை ஒட்டச் சொல்லும் பழக்கத்தில் இருக்கிறது. சீட்டுகளைக் கொண்டு யோசிக்கும் முறையை வகுத்த ஜப்பானிய இனவரைவியலாளர் ஜிரோ கவாகிதா இதற்கு நேர் எதிரானவர். 1953 முதல் நேபாள மலைகளில் திரட்டிய குறிப்புகளோடு மல்லுக்கட்டியவர் அவர். 1967இல் தன் முறையை நூலாக்கினார். தலைப்பு கடைசியில்தான் வர வேண்டும், எதனோடும் சேராத சீட்டைத் தனியே விட்டுவிட வேண்டும் என்பார். பிறகு நேபாளத்தின் சிகா பள்ளத்தாக்கில் ஊராரோடு கலந்து பேசிக் குடிநீர்க் குழாயும் கம்பிவடப் பாதையும் அமைத்ததற்காக 1984இல் மகசேசே விருது பெற்றார். சீட்டை அடுக்கிய கை குழாயும் போட்டது.

இனி கசப்பான பகுதி. மானிடவியலாளர் டேவிட் மோஸ் 1994இல் எழுதிய கட்டுரை மேற்கிந்தியாவின் பில் பழங்குடி ஊர்களில் நடந்த பி.ஆர்.ஏ. கூட்டங்களைப் பற்றியது. பட்டப்பகலில், பொது இடத்தில், வெளியாட்கள் முன்னால் நடக்கும் கூட்டத்துக்குப் பெண்கள் எப்படி வருவார்கள்? வந்தவர்களிலும் செல்வாக்குள்ளவரின் சொந்த விருப்பம் ஊரின் ஒருமித்த முடிவாக மேப்பில் ஏறிவிடும். தமிழ்நாட்டில் 2005இல் தொடங்கிய புது வாழ்வுத் திட்டத்தில் மக்கள் நிலை ஆய்வு மூலம் ஏழைக் குடும்பங்களை ஊரே அடையாளம் காணும் ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு வீட்டுக்கு வைக்கும் கல்லின் நிறம் அதற்குக் கிடைக்கும் உதவியைத் தீர்மானிக்கும் என்று தெரிந்தபின், அதை வைக்கும் கை முன்போலவே இருக்குமா? என் பதில், இருக்காது. அதற்காகக் கல்லையே தூக்கிப்போட வேண்டியதில்லை. பெண்களுக்குத் தனி நேரமும் தனித் தரையும் கொடுத்து, இரண்டு மேப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் ஊரின் உண்மையான கதை இருக்கும்.

அப்புறம், சார்ட் பேப்பர். மேப் முடிந்ததும் களப்பணியாளர் ஸ்கெட்ச் பேனாவால் அதைப் படியெடுத்துச் சுருட்டிக்கொண்டு பேருந்து ஏறுகிறார். ஊரில் பொடியை ஆடு மிதித்துக் கலைக்கிறது. படம் அலுவலகத்துக்கும், ஆய்வேட்டுக்கும், நம் கட்டுரைகளின் பின்னிணைப்புக்கும் போகிறது. ஒரு பிரதி ஊரில் தங்கியதா என்று சொல்லும் சுருக்கம் எதையும் நான் பார்க்கவில்லை. கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரும் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்று பிற்பகல் செய்முறை அமர்வுக்குப் பக்கத்து அரங்கில் பாய் விரித்திருக்கிறார்கள். நம்மிடையே பார்வையற்ற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஆகவே பொருள்களை நிறத்தால் மட்டும் பிரிக்காமல் எடை, வடிவம், சொரசொரப்பு ஆகியவற்றால் பிரித்துவைக்குமாறு அமைப்பாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். அங்கே உருவாவதை நாளைக் காலை அமர்வு முடியும்வரை கலைக்க வேண்டாம். அதுவரை யாரும் வந்து நகர்த்தலாம். படம் எடுப்பதற்கு முன் செய்தவர்களைக் கேளுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.