பட்டியல் நம்ம கையில் இருக்கட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நம் கூட்டமைப்பின் இணையக் கடையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்கிட்ட கொடுத்திருக்கீங்க. நம்ம பொருள்கள் எல்லாத்தையும் ஒரே தடவையில் கடையில் ஏத்தறது எப்படி, அதில் ஒவ்வொரு குழுவுக்கும் என்ன வேலை இருக்கு என்பதை மட்டும் பேசறேன்.

அரசின் மகளிர் குழுத் திட்டம் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய நாளிலிருந்து, குழு என்றாலே பதிவேடு. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு எல்லாம் நமக்குப் பழக்கம். இணையக் கடைக்கும் அப்படி ஒரு பதிவேடு இருக்கு. அதுதான் பொருள் பட்டியல்.

100 பொருள் இருக்குன்னு வைங்க. ஒவ்வொண்ணா உள்ளே போய் பெயர், விலை, எடை, படம் எல்லாம் தட்ட ஒரு பொருளுக்கு 5 நிமிஷம் ஆனாலும் 500 நிமிஷம். எட்டு மணி நேரத்துக்கு மேலே! விலை ஏறினா மறுபடி அதே வேலை. இதையே எக்செலில் ஒரு பொருளுக்கு ஒரு வரி என்று எழுதி, சி.எஸ்.வி. கோப்பாகச் சேமிச்சா, கடை மென்பொருள் மொத்தத்தையும் சில நிமிஷத்தில் வாங்கிக்கும். நாம பயன்படுத்துகிற வூகாமர்ஸில் இந்த வசதி கூடவே வருது. தனியா காசு கட்ட வேண்டாம்.

சி.எஸ்.வி. ஒண்ணும் பெரிய விஷயம் இல்லை. வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு விவரத்துக்கும் அடுத்த விவரத்துக்கும் நடுவில் கமா இருக்கும், அவ்வளவுதான். முதல் வரியில் தலைப்பு, கீழே சரக்கு:

குறியீடு,பெயர்,விலை,இருப்பு
101,மாங்காய் ஊறுகாய் 250 கிராம்,90,24
102,மாங்காய் ஊறுகாய் 500 கிராம்,180,12

தலைப்பு தமிழில் இருந்தாலும் பரவாயில்லை. எந்தத் தலைப்பு கடையில் எந்த இடத்துக்குப் போகணும்னு ஏத்தும்போது காட்டிக் கொடுக்கலாம்.

இதில் முக்கியமானது குறியீடு. நமக்கு உறுப்பினர் எண் மாதிரி அது பொருளுக்கு. 250 கிராமுக்கு ஒண்ணு, 500 கிராமுக்கு வேற ஒண்ணு. கொடுத்த எண்ணை மாத்தவே கூடாது. எண்ணெய் விலை ஏறிடுச்சா? குறியீடு, விலை என்று இரண்டே தலைப்பு உள்ள கோப்பை ஏத்தி, 'இருக்கிற பொருளைப் புதுப்பி' என்ற கட்டத்தில் டிக் போட்டா விலை மட்டும் மாறும். படமும் விளக்கமும் அப்படியே இருக்கும். ஆனா அந்த டிக் இருக்கும்போது புதுப் பொருளைச் சேர்த்தா, அதைத் தாண்டிப் போயிடும். புதுசைத் தனிக் கோப்பாக, டிக் இல்லாம ஏத்தணும்.

எக்செல் நம்மைக் கேட்காமலே சில வேலை செய்யும். அதைத் தெரிஞ்சு வச்சுக்கணும். மஞ்சள் தூளுக்கு ஜி.எஸ்.டி. பில்லில் போடும் எச்.எஸ்.என். எண் 0910-ல் தொடங்கும். முன்னால் இருக்கிற பூஜ்யத்தை எக்செல் தின்னுடும். உணவு உரிமத்தின் 14 இலக்க எண்ணைச் சுருக்கிக் காட்டும். தையல் குழு அளவுக் கட்டத்தில் 10-12 என்று போட்டா தேதியாக மாத்திடும். அதனால் தட்டறதுக்கு முன்னாடியே அந்தக் கட்டங்களை 'டெக்ஸ்ட்' என்று மாத்திக்கணும். விலையில் ரூபாய் அடையாளமோ கமாவோ வேண்டாம். நோட்பேடில் 1,250 என்று தட்டினா, 1 ஒரு கட்டத்துக்கும் 250 அடுத்த கட்டத்துக்கும் போயிடும். சேமிக்கும்போது 'சி.எஸ்.வி. யூ.டி.எஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுக்கணும். இல்லாட்டி நம்ம தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாக நிற்கும். சி.எஸ்.வி.யை நேரா எக்செலில் திறந்து சேமிச்சா இதே கோளாறு திரும்ப வரும். மூலப் பட்டியலை எக்செல் கோப்பாகவே வச்சுக்கிட்டு, ஏத்தும்போது மட்டும் சி.எஸ்.வி. எடுக்கிறதுதான் நல்லது.

இதெல்லாம் கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க வேலைன்னு விட்டுடலாமான்னு சில அக்காங்க கேட்கறீங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 180 ரூபாய் ஊறுகாயில் ஒரு பூஜ்யம் விட்டுப்போனா 18 ரூபாய். ராத்திரியோட ராத்திரியா பத்துப் பேர் வாங்கிட்டா 1,620 ரூபாய் போச்சு. தட்டினவங்களுக்கு நஷ்டம் இல்லை. மாங்காய் நறுக்கினவங்களுக்குத்தான் நஷ்டம். இருப்பு 2 இருக்கும்போது 20 என்று ஏறினா, இல்லாத சரக்குக்குப் பணம் வாங்கிட்டுத் திருப்பிக் கொடுக்கணும். அந்த வாடிக்கையாளர் மறுபடி வருவாங்களா? எம்.ஆர்.பி.யும் நிகர எடையும் பொட்டலத்தில் மட்டும் இருந்தா போதாது. இணையக் கடையிலும் காட்டணும் என்பது சட்டம். ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பொட்டலம் கட்டினவங்களுக்குத்தான் தெரியும்.

வெளியாள் ஒருத்தர்கிட்ட மொத்தத்தையும் ஒப்படைச்சா இன்னொரு கஷ்டமும் உண்டு. பட்டியல் அவர் கம்ப்யூட்டரில் இருக்கும். அவர் போனை எடுக்கலைன்னா நம்ம கடையின் விலையை நாமே மாத்தத் தெரியாம நிற்போம். பேரேட்டை யாராவது வெளியாள் வீட்டில் வச்சுட்டு வருவோமா?

அதனால் மூணு கோரிக்கை வைக்கிறேன்.

ஒண்ணு, ஏத்தறதுக்கு முன்னாடி பட்டியலைத் தாளில் எடுத்து, குழுக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கிற மாதிரியே வாய்விட்டு வாசிக்கணும். தன் வரியைச் செய்தவங்களே கேட்டு, ஊக்குநர் கையெழுத்துப் போடணும்.

ரெண்டு, புதுப் பொருளை முதலில் வரைவாக ஏத்தணும். 'வெளியீடு' என்ற இடத்தில் 1-க்குப் பதிலா -1 போட்டா, அது வாங்க வர்றவங்க கண்ணில் படாது. நாம பார்த்துச் சரின்னு சொன்ன பிறகு வெளியே விடலாம்.

மூணு, ஒவ்வொரு தடவையும் ஏத்தறதுக்கு முன்னாடி, கடையில் இருக்கிற பட்டியலை முழுசா இறக்கி, தேதி போட்டு, கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதியும் பென் டிரைவில் ஒரு பிரதியும் வைக்கணும். தப்பாகிட்டாலும் பழைய விலை என்னன்னு தெரியும். பொறுப்பில் ஆள் மாறினாலும் கடை நிற்காது.

இதைச் செய்ய இங்கிலீஷ் படிச்சிருக்க வேண்டியதில்லை. தட்டறதுக்கு நான் இருக்கேன். குழுவுக்கு ஒரு தங்கச்சி வந்தா அவங்களுக்கும் கத்துத் தர்றேன். ஆனா 102-க்கு எதிரே 180 இருக்கா, 18 இருக்கா என்று பார்க்கிற கண்ணு உங்க கண்ணாக இருக்கணும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் தன் பொருள்களின் பெயர், எடை, விலை, இருப்பு நாலையும் எழுதிக் கொண்டு வாங்க. அங்கேயே உட்கார்ந்து சரிபார்ப்போம்.