பொறியியற் புலமைப்பரிசில்: விண்ணப்பிக்கும் மாணவருக்குச் சில வார்த்தைகள்



க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் ஒரு பாடசாலை அதிபரின் அறை எவ்வாறிருக்கும் என்பதை உங்களிற் பலர் அறிவீர்கள். சிலர் இனிப்புடன் வருவர். சிலர் வராமலே இருந்துவிடுவர். இவ்விரு சாராரையும்விட என் மனத்தை அதிகம் வருத்துபவர் மூன்றாவது கூட்டத்தார். நல்ல பெறுபேறு பெற்றிருந்தும், இனி என்ன செய்வது, யாரிடம் கேட்பது, கேட்பதுதான் முறையா என்று தெரியாமல் வாசற்படியிலே நிற்பவர்கள் அவர்கள். அவர்களுள்ளும் பொறியியல் பயில விரும்பும் பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் எண்ணியே இன்று உங்களுடன் பேச வந்திருக்கிறேன்.

நான் கலைப் பட்டதாரி. பாலங்களைப் பற்றியோ இயந்திரங்களைப் பற்றியோ பேசும் தகுதி எனக்கில்லை. ஆனால், இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புலமைப்பரிசில் விண்ணப்பங்களைப் படித்தும் திருத்தியும் ஒப்பமிட்டும் வந்திருக்கிறேன். அவ்வேலையில் நான் செய்த ஒரு பிழையை முதலிற் சொல்லிவிடுகிறேன். பிறருடைய பிழையிலிருந்து கற்பது செலவு குறைந்த கல்வி அல்லவா?

வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களிடையே அமைந்த ஒரு பாடசாலையில் நான் கடமையாற்றிய காலம். உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய பாடங்களைப் பயின்ற மாணவன் ஒருவன் இருந்தான். தகப்பனார் வெங்காயத் தோட்டக்காரர். ஒரு கோடையில், பயிர் நீருக்கு ஏங்கி நின்ற வேளையில், அவர்களுடைய நீரிறைக்கும் இயந்திரம் மக்கர் செய்தது. இயந்திரம் ஓடும், தண்ணீர் வராது. திருத்துபவர் நான்கு நாள் கழித்தே வரமுடியும் என்றார். பையன் தானே கிணற்றுக்குள் இறங்கினான். குழாயின் அடியில், ஏறிய நீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வின் இறப்பர் தேய்ந்திருப்பதைக் கண்டான். பழைய சைக்கிள் ரியூப் ஒன்றை வெட்டி அந்த இடத்திற் பொருத்தினான். அன்று மாலையே தண்ணீர் பாய்ந்தது. அவன் அத்துடன் நிற்கவில்லை. அடுத்த பத்து நாட்களும், எவ்வளவு மண்ணெண்ணெய்க்கு எத்தனை பாத்தி நனைகிறது என்று ஒரு கொப்பியிற் குறித்துவந்தான்.

அதே ஆண்டில் வெளிநாட்டுப் பொறியியற் புலமைப்பரிசில் ஒன்றுக்கு அவன் விண்ணப்பித்தான். ‘இத்துறையை நீர் ஏன் தெரிந்தெடுத்தீர்?’ என்ற வினாவுக்கு, கிணற்றையும் வால்வையும் கொப்பியையும் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தான். நான் படித்தேன், முகம் சுளித்தேன். “தம்பி, இது தோட்டத்துக் கதை. பெரிய இடத்துக்கு இப்படியா எழுதுவது?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் முழுவதையும் வெட்டிவிட்டு, இளமை முதலே பொறியியற் கலையில் தணியாத தாகம் கொண்டவன் என்றும், தாய்நாட்டுக்குத் தொண்டாற்றும் வேட்கையுடையவன் என்றும் அழகான வாக்கியங்களை நானே எழுதிக் கொடுத்தேன். அவன் நன்றி கூறிப் பெற்றுக்கொண்டான். நேர்முகப் பரீட்சைக்கு அவன் அழைக்கப்படவில்லை.

சில ஆண்டுகளின் பின், அத்தகைய தெரிவுக் குழுவொன்றில் இருந்த பெரியவர் ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. “உங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே தாகம். ஒரு கட்டு விண்ணப்பத்தைப் படித்து முடித்தாலும் ஒரு பிள்ளையின் முகமும் நினைவில் நிற்பதில்லை” என்றார் அவர். அந்தச் சொற்கள் என்னைச் சுட்டன. என் திருத்தம் ஒன்றினால்தான் அவன் தவறினான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், அவன் பொறியியலுக்குத் தகுந்தவன் என்பதற்கு அவனிடமிருந்த ஒரே கண்கண்ட சான்றை என் பேனா வெட்டியது. அதை நான் மறுக்க முடியாது.

ஆகவே மாணவர்களே, முதலாவதாக நான் சொல்லவிரும்புவது இதுதான்: நீங்கள் செய்ததை எழுதுங்கள். மிதிவண்டியைப் பிரித்துப் பூட்டியிருந்தால் அதை எழுதுங்கள். வீட்டு மின்விசிறி ஏன் சூடாகிறது என்று ஆராய்ந்து விடை காணாமல் விட்டிருந்தால் அதையும் எழுதலாம். பொறியியல் என்பது தொலைவிலுள்ள ஏதோ ஒரு மேன்மையான பொருள் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தை எங்கள் தலைமுறையினர் மறக்கமாட்டோம். ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டு விளக்கேற்றிப் படித்தோம். மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். அந்த டைனமோவை வானொலியோடு இணைத்த கைகள் எந்தப் பட்டமும் பெற்றவையல்ல. ஆயினும் அது பொறியியல்தான்.

இரண்டாவது செய்தி பெற்றோருக்குரியது. நான் சொன்ன மாணவனின் தகப்பனார் விண்ணப்பத்தில் ஒப்பமிட முதலில் மறுத்தார். “மாஸ்டர், எங்கட பரம்பரையில ஒருத்தரிட்டையும் கையேந்தினதில்லை. தருமக் காசில பிள்ளை படிக்கவேணுமோ?” என்று கேட்டார். மானமுள்ள மனிதரின் கேள்வி அது. நான் அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன். 1945ஆம் ஆண்டு முதல் இந்த நாட்டின் பிள்ளைகள் பொதுப் பணத்திலேயே கல்வி பெறுகின்றனர். அந்தப் பணத்தில் மலையகத்துத் தோட்டங்களிற் கொழுந்து பறித்த தாய்மாரின் உழைப்பும் அடங்கும். அவர்களுடைய தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970களிலேதான். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பிந்திக் கிடைத்ததை நம் பிள்ளைகள் முந்திப் பெற்றுவிட்டனர். ஆகவே பாலர் வகுப்பிற் சேர்ந்த அன்றே உங்கள் பிள்ளை கடன்காரன் ஆகிவிட்டான். புலமைப்பரிசில் அக்கடனை இன்னும் சற்று உயர்த்துகிறது. அதனை வாங்குவதில் வெட்கமில்லை. வாங்கியதை மறப்பதே வெட்கம்.

இனி வழிகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பொறியியல் பயிலக் கட்டணமில்லை. 1950இற் கொழும்பிலே தொடங்கி 1964இற் பேராதனைக்குச் சென்ற பீடம் முதல், 2014இற் கிளிநொச்சியில் ஆரம்பமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடம் வரை இதுவே முறை. அங்கு அனுமதி பெறுவோருக்கு, திறமையையும் குடும்ப வருமானத்தையும் நோக்கி, 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மகாபொல நிதியம் உதவுகிறது. வெளிநாட்டில் பயில விரும்புவோருக்கு இந்திய அரசு வழங்கும் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் போன்ற திட்டங்கள் உள்ளன. யப்பானிய அரசின் பட்டப்படிப்புப் புலமைப்பரிசிலுக்குப் பொறியியல் கருதி விண்ணப்பிப்போர் ஆங்கிலம், கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகியவற்றில் எழுத்துப் பரீட்சைக்கும், பின்னர் நேர்முகத்துக்கும் தோற்றவேண்டும். அங்கு முதலாண்டு யப்பானிய மொழி பயில்வதிற் கழியும். நிபந்தனைகளும் முடிவுத் திகதிகளும் ஆண்டுக்காண்டு மாறுவன. எனவே அயல்வீட்டார் சொல்லை நம்பாது, அவ்வாண்டின் அறிவித்தலை முழுவதும் நீங்களே படியுங்கள்.

அடுத்து, பத்திரங்கள். நான் கண்டவரையில், திறமைக் குறைவிலும் பார்க்கப் பெயர்க் குழப்பமே பல பிள்ளைகளை அலைய வைக்கிறது. பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்து, பரீட்சைச் சான்றிதழில் வேறோர் எழுத்து, கடவுச்சீட்டில் மற்றொன்று. ‘சண்முகநாதன்’ என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். சாதாரணதரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போதே பெயரின் எழுத்துகளை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். அப்போது ஒரு நாளில் முடியும் காரியம் பின்னர் ஒரு மாதத்தை விழுங்கும்.

வருமானச் சான்றிதழைக் கிராம உத்தியோகத்தரிடம் பெற்றுப் பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன் சமர்ப்பிக்க வேண்டியிருக்கும். தோட்டக்காரருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஆண்டு முழுவதும் விற்ற விளைச்சலிலிருந்து விதை, உரம், எரிபொருள், கூலி ஆகிய செலவுகளைக் கழித்துக் கணக்கிட்டு உள்ளதைச் சொல்லுங்கள். கௌரவத்துக்காகக் கூட்டவும் வேண்டாம். உதவிக்காகக் குறைக்கவும் வேண்டாம். பொய்க் கணக்குடன் தொடங்கும் பிள்ளை நாளை எந்தப் பாலத்தின் கணக்கை நேராகப் போடும்?

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘நற்குண நற்செய்கை உடையவர், விடாமுயற்சி மிக்கவர்’ என்று எல்லோருக்கும் ஒரே நற்சான்றிதழை எழுதிக் கொடுக்காதீர்கள். ஆய்வுகூடத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்யக் கண்டீர்கள்? தவறிய சோதனையை மீண்டும் செய்து பார்த்தாளா? அதை இரண்டு வரிகளில் எழுதுங்கள். ‘செய்து பார்த்தாளா’ என்றது கைதவறி வந்த சொல்லன்று. இந்நாட்டின் முதற் பெண் பொறியியலாளர் பிரேமளா சிவசேகரம் அம்மையார் 1964இலேயே பட்டம் பெற்றுவிட்டார். இன்றும் ‘பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தத் துறை?’ என்று என் அறையிற் கேட்கும் பெற்றோர் இருக்கின்றனர்.

நேர்முகத்தில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ‘தெரியாது, ஆனால் இப்படி இருக்கலாம் என்று எண்ணுகிறேன், காரணம் இது’ என்று சிந்தித்துக் காட்டும் பிள்ளையையே எவரும் விரும்புவர். புலமைப்பரிசில் கிடைத்துவிட்டால், படித்து முடிந்தபின் செய்யவேண்டியதையும் நினைவிலிருத்துங்கள். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் பயின்ற பேராசிரியர் அ. துரைராஜா, கேம்பிரிட்ஜில் மண்ணின் இயல்பை ஆராய்ந்தவர். அவரும் அவருடைய ஆசிரியர்களும் 1963இல் வெளியிட்ட கட்டுரை மண் பொறியியல் பயில்வோர் அறிந்த ஒன்று. வெளிநாட்டிலேயே புகழுடன் வாழ்ந்திருக்கக்கூடிய அவர் திரும்பிவந்து பேராதனையிற் கற்பித்தார். போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். எல்லோரும் அவ்வாறே திரும்பிவர இயலாது என்பதை நான் அறிவேன். எங்கிருந்தாலும், பின்னால் வரும் ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்க அரைமணி நேரம் ஒதுக்க எவருக்கும் இயலும்.

நான் வெட்டிய பக்கத்தை எழுதிய மாணவன் என்னவானான் என்று நீங்கள் கேட்கக்கூடும். உள்நாட்டு அனுமதி பெற்றுக் கிளிநொச்சியிற் பயின்று பொறியியலாளனானான். கடந்த ஆண்டு என்னைக் காண வந்திருந்தான். அவ்வேளையில் உயர்தர மாணவி ஒருத்தியின் விண்ணப்பம் என் மேசைமீது கிடந்தது. பழைய பலகைகளால் வீட்டுக் கோழிக்கூட்டுக்குத் தானாகத் திறந்துமூடும் கதவு செய்ததைப்பற்றி அவள் எழுதியிருந்தாள். அதனை எடுத்துப் படித்தான். என் கையிலிருந்த பேனாவையும் பார்த்தான். பின்னர் சிரித்துக்கொண்டே, “சேர், இதை வெட்டிப்போடாதேங்கோ” என்றான்.

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.