நள்ளிரவு மணியும் அடுக்களைப் பெண்ணும்



காட்சியின் துணையின்றி ஒலியொன்றையே சாதனமாகக் கொண்டு விஞ்ஞானப் புனைகதை எத்துணை ஆழம் செல்லக்கூடும் என்பதற்கு, பிரிட்டனில் பிக் ஃபினிஷ் நிறுவனம் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்’ என்னும் ஒலி நாடகத்தையே நான் முதல் உதாரணமாகச் சொல்வேன். ராபர்ட் ஷியர்மன் எழுதிய இந்நாடகம் ‘டாக்டர் ஹூ’ என்னும் காலப் பயணக் கதை வரிசையைச் சேர்ந்தது. 1996-இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் அதன் நாயகனான டாக்டராகத் தோன்றிய பால் மெக்கான், அதன்பின் 2001 முதல் தம் குரலொன்றினாலேயே அப்பாத்திரத்துக்குப் பூரணத்துவம் அளித்து வந்தார்.

கிறிஸ்துமஸ் காலத்து நீண்ட இரவுகளில் கணப்பருகே கூடியிருந்து அமானுஷ்யக் கதைகளைக் கேட்டு நடுங்குவது ஆங்கிலேயரிடையே வேரூன்றிய வழக்கம். டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய தம் கிறிஸ்துமஸ் கதையைப் பத்து ஆண்டுகளுக்குப் பின் பர்மிங்ஹாமில் பெருங்கூட்டத்தின் முன்னே தாமே வாசித்தார், கேம்பிரிட்ஜில் எம். ஆர். ஜேம்ஸ் தம் பேய்க்கதைகளைப் பண்டிகை நாட்களில் நண்பர்களுக்குப் படித்துக் காட்டுவார். கண்ணுக்கு முன்னரே செவிக்கு உரியதாயிருந்த அந்தச் சம்பிரதாயத்தின் நேர் வாரிசாகவே ஷியர்மனின் நாடகத்தை நான் காண்கிறேன்.

1906-ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு. எட்வர்ட் க்ரோவ் என்னும் மாளிகையின் கீழ்த்தளத்தில் டாக்டரும் அவருடைய தோழி சார்லி பொல்லார்டும் வந்து சேர்கிறார்கள். பட்லர், சமையற்காரி, காரோட்டி, பணிப்பெண்கள் என ஊழியர்களின் குரல்கள் மட்டுமே அங்கு கேட்கின்றன. மேல்தளத்து எஜமானர்கள் வாய் திறப்பதேயில்லை. கடிகாரம் மணியடிக்குந்தோறும் ஓர் உயிர் போகிறது. சமையற்காரியோ தான் ஆக்கிய பிளம் புட்டிங்கினாலேயே மடிகிறாள். மற்றவர்கள் அதைத் தற்கொலையென்று கூறிவிட்டுப் பண்டிகை வேலையைத் தொடர்கிறார்கள். நள்ளிரவானதும் காலம் பின்னோக்கித் திரும்ப, மாண்டவர் எழுந்து மறுபடியும் அதே மரணத்தை எதிர்நோக்குகிறார்கள்.

முதலில் இறப்பவள் பாத்திரம் துலக்கும் ஈடித். அவளை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. தான் ஒன்றுமில்லாதவள் என்பதை அவளே ஏற்றுக்கொண்டுவிட்டாள். திரைப்படமாயின் இத்தகையவள் சட்டகத்தின் மூலையிலே ஒரு நிழலாக நின்று மறைந்திருப்பாள்; ஒலி நாடகத்திலோ அரசியின் குரலும் அடுக்களைப் பெண்ணின் குரலும் செவிக்கு ஒரே அண்மையில்தான் ஒலிக்கின்றன. இந்தச் சமத்துவமே இக்கலையின் மகத்தான பண்பு என்று நான் கருதுகிறேன். ஷியர்மன் அதனை நன்குணர்ந்து, நாடகத்தின் மர்மம் அனைத்தையும் இவ்வேழைப் பெண்ணின் துயரத்திலேயே கொண்டுபோய் முடிச்சிட்டிருக்கிறார்.

அந்த முடிச்சின் விவரம் இது: 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் பிரான்ஸில் போவே நகரருகே விழுந்து எரிந்து, 48 உயிர்களைப் பலிகொண்ட ஆர்101 என்னும் ஆகாயக் கப்பலில் மாண்டிருக்க வேண்டியவள் சார்லி, டாக்டர் அவளைக் காப்பாற்றியது முந்தியதொரு நாடகத்தின் கதை. பிற்காலத்தில் சார்லியின் வீட்டில் பணிபுரிந்த ஈடித், தன்னிடம் அன்பு காட்டிய அவள் இறந்தாள் என்ற செய்தி கேட்டு உயிரை மாய்த்துக்கொண்டாள். சார்லி உயிரோடிருக்கையில் அத்துயரத்துக்கு ஏது காரணம்? இந்த முரண்பாட்டினின்றே காலம் சுழலாகி, அம்மாளிகை உயிர் பெறுகிறது. இதன் தர்க்கம் நுணுகி ஆராய்வோருக்கு முழுத் திருப்தி அளிக்காமற் போகலாம். எனினும் பௌதிக விதியொன்றின் பிழையை ஒரு வேலைக்காரியின் துக்கத்தால் அளந்து காட்டிய துணிவு எனக்குப் பெரிதாகவே படுகிறது.

இறுதியில் அந்தச் சுழலை உடைக்க எந்த ஆயுதமும் எடுக்கப்படவில்லை. உன் வாழ்வு மதிப்புள்ளது என்று டாக்டரும் சார்லியும் ஈடித்திடம் மன்றாடுகிறார்கள். அவள் கேட்கிறாள், வாழத் தீர்மானிக்கிறாள். பேச்சையன்றி வேறு கருவியில்லாத கலையொன்றில், பேச்சினாலேயே ஓர் உயிர் மீட்கப்படுகிறது.