தேர்ந்த சமயமும் பிறந்த குழந்தையும்

பெற்றோரின் சமயமே பிள்ளையின் சமயமாவது உலக வழக்கு. ஆயினும், பெற்றோர் தாம் பிறந்த சமயத்தை விட்டு, வளர்ந்தபின் வேறொன்றைத் தம் விருப்பால் தேர்ந்தவராயின், பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது? இவ்வினாவை இன்று எதிர்நோக்குவோருள் மேனாட்டுப் பேகன் சமயத்தார் ஒரு சாரார்.

கிறித்துவம் பரவுமுன் ஐரோப்பாவில் நிலவிய வழிபாடுகளைத் தழுவி, அண்மைக் காலத்தில் எழுந்த நெறிகளுக்குப் பேகன் என்பது பொதுப்பெயர். அவற்றுள் பெயர்பெற்றது விக்கா. இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் ஜெரால்ட் கார்ட்னர் இந்நெறி பற்றி நூலொன்றை வெளியிட்டார். தொடக்கத்தில் இது வளர்ந்தோர் தீட்சை பெற்றுச் சேரும் சிறு குழுக்களின் நெறியாகவே இருந்தது. காலப்போக்கில் அது வீட்டினுள்ளும் புகுந்தது. பருவம் மாறுந்தோறும் வரும் விழாக்களில் சிறுவரும் பெரியோருடன் வட்டமாக நிற்கலாயினர்.

அச்சிறுவரை ஆராயப் புகுந்தவருள் ஒருவர் ஸோரே கெர்மானி. அமெரிக்காவில் பட்டப்பின் படிப்பு மாணவியாயிருந்தபோது தொடங்கிய அவரது ஆய்வு, 2013இல் நியூயோர்க் சர்வகலாசாலை அச்சகத்தின் நூலாக வெளிவந்தது. முன்னரே, 2009இல், அவர் எழுதிய கட்டுரையொன்றின் தலைப்பு 'தூபப் பொருளைத் தின்னாதே' என்பது. சடங்கின் நடுவே குழந்தை குழந்தையாகவே இருக்கின்றது என்பதை அத்தலைப்பே உணர்த்தும். குழந்தையின் கற்பனையைத் தெய்வத்துக்கு அணித்தானதெனப் பெற்றோர் போற்றுகின்றனர். ஆயினும், தம்மீது முன்பு ஒரு சமயம் திணிக்கப்பட்டதாக எண்ணுவோர், தாமும் அதையே செய்துவிடுவோமோ என அஞ்சுகின்றனர். கற்பித்தால் திணிப்பாகும், கற்பியாது விட்டால் நெறி தம்மோடு முடியும். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கின்றது அக்குடும்பம்.

இதனை ஆராயும் மாணவருக்கு வேறோர் இடர்ப்பாடும் உண்டு. வினா பிள்ளையிடம் விடுக்கப்படும்; விடை தாயிடமிருந்து வரும். பெற்றோரின் அனுமதி மட்டும் போதாது; பிள்ளையின் இசைவும் வேண்டும். பெயரையும் ஊரையும் மறைத்தே எழுதவேண்டும். அம்மறைப்பு வெறும் சம்பிரதாயமன்று. இந்தியானா மாநிலத்தில், விக்கா நெறியினரான பெற்றோர் இருவரின் மணமுறிவு வழக்கில், பெருவழக்கிலில்லாத நம்பிக்கைகளினின்றும் சடங்குகளினின்றும் மகனை விலக்கிவைக்குமாறு 2004இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. தாயும் தந்தையும் ஒருமனப்பட்டு அதனை எதிர்த்தனர். 2005இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்கட்டளையை நீக்கியது. பிள்ளையின் உடல்நலத்துக்கோ மனவளர்ச்சிக்கோ தீங்கு விளையுமெனக் கீழ்நீதிமன்றம் முடிவு காணாமையே அதற்குக் காரணம்.

அவ்வழக்கில் பெற்றோரும் நீதிபதிகளும் பேசினர். எச்சமயக் குடும்பமாயினும் இறுதியில் கேட்கப்படுவது பிள்ளையின் குரலே. அக்குரலை முதலிலேயே கேட்க முற்படுவதுதான் இவ்வாராய்ச்சியின் பயன்.