மலை சொல்லும் முன்னறிவிப்பு

1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்றில் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வெள்ளம் கரையை அரித்த செய்தி வண்டிக்கு எட்டவில்லை. ஆபத்து நேர்வது ஒன்று. அதனை உரியவருக்கு உரிய காலத்தில் உரைப்பது மற்றொன்று. மலைச்சரிவுக்கும் இது பொருந்தும்.

பச்சைமலையை நாள்தோறும் காணும் பெரம்பலூர்க்காரர் நாம், மலை அசையாதது என்றே எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. பாறை வெடிப்புகளில் மழைநீர் புகுந்து அழுத்த, பிடிப்புத் தளர்ந்த பகுதி மெல்ல நகர்கிறது. வெடிப்பின் இருபுறமும் முளையடித்து, இடைத்தூரத்தை அளந்து வந்தாலே இது புலப்படும். இன்று ரேடாரும் செயற்கைக்கோளும் அவ்வேலையைச் செய்கின்றன. நகரும் வேகம் நாளுக்கு நாள் பெருகுமாயின், வீழ்ச்சி நெருங்கிவிட்டது என்று அஞ்ச வேண்டும்.

ஆனால், அளந்தால் மட்டும் போதுமா? இத்தாலியில் வயோந்த் அணையின் மேலிருந்த டோக் மலையின் நகர்வை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். இறுதியில் அது நாளொன்றுக்கு 20 சென்டிமீட்டர் வரை நகர்ந்தது. 1963 அக்டோபர் 9 இரவு, மலைச்சரிவு நீர்த்தேக்கத்தில் வீழ்ந்தது. எழுந்த பேரலையில் ஏறத்தாழ 2,000 பேர் மடிந்தனர். பள்ளத்தாக்கிலிருந்த லோங்கரோனே ஊராரை எவரும் முன்கூட்டி வெளியேற்றவில்லை.

நம் நாட்டிலோ, 1893இல் கார்வாலின் கோனா அருகே மலை சரிந்து பிரஹி கங்கையை அடைத்தது. தேங்கிய நீர் எப்போது வழியும் என்று பொறியாளர்கள் கணித்தனர். காவல் வைத்து, ஹரித்துவாரம் வரை தந்தி மூலம் செய்தி செல்ல ஏற்பாடு செய்தனர். 1894 ஆகஸ்டு 25 இரவு அடைப்பு உடைந்து, கார்வாலின் ஸ்ரீநகர் பாழாயிற்று. எனினும், எச்சரிக்கையை மீறித் திரும்பிச் சென்ற பக்கிரி ஒருவரும் அவர் குடும்பத்தாருமே உயிரிழந்தனர். ரேடார் அறியாத காலம் அது!

2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில், மலையடிவார வீட்டின்மேல் மண்ணும் பாறையும் சரிந்து எழுவர் மாண்டதை நாம் மறக்கலாகாது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை நீலகிரிக்கு நிலச்சரிவு முன்னறிவிப்பு வழங்கத் தொடங்கியுள்ளது. நல்ல தொடக்கம். ஆயினும் அறிவிப்பு வந்த நள்ளிரவில் கதவுகளைத் தட்டுபவர் யார்? முதியோரையும் குழந்தைகளையும் எவ்வழியே எங்கே அழைத்துச் செல்வது? மலையடி ஊர் ஒவ்வொன்றும் இவற்றை மழைக்காலத்துக்கு முன்பே முடிவு செய்தல் வேண்டும். மழையளக்கவும் வெடிப்பைக் கண்டால் உடனே தெரிவிக்கவும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழக்கலாம். மலை தன் கடமையாக முன்னறிவிப்பைத் தருகிறது. அதனை வீட்டு வாசல்வரை கொண்டு சேர்ப்பது நம் கடமை.