இரு அளவுகோல்கள்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மன்னாரையும் தனுஷ்கோடியையும் சிதைத்த 1964 டிசம்பர்ப் புயலைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். புயல் நெருங்கும்போது காற்றழுத்தம் வீழும். காற்றின் வேகம் ஏறும். சிறு கருவியொன்று நொடிக்கு நொடி அளந்து தரும் இவ்விரண்டையும் கணினித் திரையில் ஓடும் கோடுகளாக வரைய முயன்றேன்.

அழுத்தம் 1010 ஹெக்டோபாஸ்கல். காற்றோ விநாடிக்கு 8 மீற்றர். ஒரே அளவுகோலில் வரைந்தால் காற்றுக்கோடு தரையோடு ஒட்டிவிடும். ஆகவே இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரண்டு நிலைக்குத்து அச்சுகள் வேண்டும். பைதான் மொழியின் மாட்பிளாட்லிப்பில் 'ட்வின்எக்ஸ்' என்னும் கட்டளை இதைச் செய்யும். அக்கட்டளையை ஒருமுறை மாத்திரமே இடவேண்டும். பின்பு கோட்டின் புள்ளிகளை மாற்றினால் போதும். நானோ தடவைதோறும் இட்டேன். எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்தன.

அதனினும் பெரிய பிழை, அச்சின் எல்லையைக் கணினியின் போக்கில் விட்டமை. நம் கரையில் அழுத்தம் நாள்தோறும் இரண்டு மூன்று அலகு இறங்கி ஏறுவது இயல்பு. திரையில் அது படுகுழியாய்த் தோன்றிற்று. கண்டு பயந்த பெரியப்பா வள்ளத்தைக் கரையேற்றினார்; ஒருநாள் உழைப்புப் போயிற்று. இப்போது எல்லையை 980 முதல் 1020 வரை நிலையாக வைத்திருக்கிறேன்.

எண்கள் சரியாயிருந்தும் அளவுகோல் ஏமாற்றிவிட்டது. படம் வரைகிறவன், அதை நம்பிக் கடலுக்குப் போகிறவனை மறத்தலாகாது.