உழைத்து வாங்கிய சத்தைச் சாக்கடையில் கொட்டலாமா?

(தோட்டக் கிளைச் சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்க மேடையில் சம்பளம், போனஸ், வீட்டு வசதி என்று பேசுவதே வழக்கம். இன்று சோற்றுப் பானையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் சில சகோதரர்கள் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு தாய் சிரிக்கவில்லை. "சம்பளம் போதவில்லை என்று சொன்னால், கீரை தின்று சமாளியுங்கள் என்று சொல்ல வந்தீர்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே செல்வோம்.

கீரை சம்பளத்திற்கு ஈடாகாது. நியாயமான கூலிக்கான நம் கோரிக்கை அப்படியே நிற்கிறது. அதில் ஒரு காசும் விட்டுக்கொடுப்பதற்கில்லை. ஆனால் இருட்டோடு எழுந்து, பெரட்டில் நின்று, மரம் சீவி, பால் சுமந்து வாங்கிய பணத்தில் அரிசியும் காயும் வாங்கி வந்து, அவற்றின் சத்தை நம் கையாலேயே சாக்கடையில் கொட்டுகிறோமே, அந்த நஷ்டத்தை எந்த முதலாளியிடம் கேட்பது? அதைப் பற்றித்தான் இன்று பேச்சு.

முதலில் அரிசி. இந்த நாட்டில் நூறு ஆண்டுகளுக்கு முன் பெரிபெரி என்றொரு நோய் ஆயிரக்கணக்கான தொழிலாளரைக் கொன்றது. கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தளரும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனச் சகோதரர்கள் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். அதே வெயிலில், அதே மழையில் உழைத்த தமிழர்களை அந்நோய் அரிதாகவே தொட்டது. காரணம் என்ன என்று டாக்டர்கள் திகைத்தார்கள். சீனர் உண்டது தீட்டிய வெள்ளை அரிசி. நம் மக்கள் உண்டது புழுங்கல் அரிசி.

கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் பிளெட்சர் 1905-ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளிகளில் ஒரு பாதிக்கு வெள்ளை அரிசி, மறு பாதிக்குப் புழுங்கல் அரிசி. ஓராண்டு முடிவதற்குள் வெள்ளை அரிசி உண்டவர்களில் பலர் பெரிபெரியில் விழுந்தார்கள். 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவருக்கும் அங்கே புதிதாக நோய் வரவில்லை. பின்னர் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இரு டாக்டர்கள் நெகிரி செம்பிலானில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவாத் தொழிலாளரிடையே இதே போல் சோதித்து, 1909-இல் அதே முடிவை வெளியிட்டார்கள். உலக மருத்துவ நூல்களில் ஏறிய இந்தப் பாடத்திற்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்கள் நோயாளிகளும் கூலிகளுமே என்பதை நாம் மறக்கலாகாது.

இதன் சூட்சுமம் எளிது. நெல்லின் தவிட்டிலும் முளையிலும் பி1 என்னும் உயிர்ச்சத்து இருக்கிறது. பச்சை நெல்லைத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைத்து அவித்தால் அந்தச் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு குத்தினாலும் பெரும்பகுதி தங்குகிறது. நம் பாட்டிமார் புத்தகம் படித்து இதைச் செய்யவில்லை, பழக்கத்தால் செய்தார்கள். இன்று நம்மில் பலர், "புழுங்கல் அரிசி மணக்காது, விருந்தாளிக்கு மதிப்பில்லை" என்று வெள்ளை அரிசிக்கு ஓடுகிறோம்.

புழுங்கல் அரிசி வாங்கினால் மட்டும் போதாது. இந்த உயிர்ச்சத்து தண்ணீரில் கரையும். ஐந்து தண்ணீர், ஆறு தண்ணீர் விட்டுக் கசக்கிக் கழுவி, பொங்கிய பின் கஞ்சியை வடித்துக் கொட்டினால், உள்ளே இறங்கிய சத்து வெளியே போய்விடும். ஆகவே கல், தூசி போக இரண்டு தண்ணீரில் லேசாகக் கழுவுங்கள். தண்ணீரை அளந்து வைத்து வற்றவிடுங்கள். வடித்துத்தான் பழக்கம் என்றால், அந்தக் கஞ்சியில் சிறிது உப்பிட்டுக் குடியுங்கள்; அல்லது பருப்பிலோ ரசத்திலோ சேருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் கஞ்சியையும் சோற்றையும் அளவோடு கொள்ள வேண்டும். அவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே சுகாதார அமைச்சு சொல்லும் கணக்கு நல்ல கணக்கு: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். நம் வீடுகளில் முக்கால் தட்டு சோறாக இருப்பதை நாம் அறிவோம்.

கீரைக்கும் இதே விதிதான். முதலில் கழுவுங்கள், பிறகு நறுக்குங்கள். நறுக்கியபின் ஊறவைத்துக் கழுவினால் சத்து கழுவிய நீரோடு போகும். கொஞ்சம் தண்ணீரில் மூடிபோட்டுச் சீக்கிரம் வேகவைத்து, அந்த நீரையும் சேர்த்தே உண்ணுங்கள். பச்சை நிறம் மாறாதிருக்கச் சோடாவுப்பு போடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. நிறம் இருக்கும், சத்து அழியும். அதை விட்டுவிடுங்கள்.

எல்லாத் தண்ணீரையும் காக்கச் சொல்லுகிறோம் என்று எண்ண வேண்டாம். கொட்டியே ஆகவேண்டிய தண்ணீரும் உண்டு. அது மரவள்ளிக்கிழங்கு வெந்த தண்ணீர். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் ஆட்சியில் அரிசி இல்லாமல் நம் குடும்பங்கள் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்தன. ஆனால் அக்கிழங்கில் இயற்கையாகவே ஒரு விஷம் உண்டு; கசக்கும் வகையில் அது அதிகம். இரண்டு தோலையும் உரித்து, துண்டாக்கி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அதன் இலையையும் இடித்து நன்றாக வேகவைத்து நீரை வடித்துவிட வேண்டும். மேலும் மரவள்ளி வெறும் மாவுச்சத்து. வயிறு நிறையும், உடம்பு தேறாது. அதனோடு நெத்திலியோ பருப்போ சேர வேண்டும்.

நெத்திலி என்றதும் ஒரு சொல். முள்ளோடு மென்று தின்னும் மீன் அது. எலும்புக்கு வேண்டிய சுண்ணச்சத்து அந்த முள்ளில் இருக்கிறது. உப்பு அதிகம் என்பதால் வெந்நீரில் அலசி எடுங்கள். பச்சைப்பயற்றை இரவில் ஊறவைத்து, காலையில் நீரை வடித்து ஈரத்துணியில் கட்டி வைத்தால், மறுநாள் முளை விடும். முளையில் சி உயிர்ச்சத்து உண்டாகிறது. அதை லேசாக வதக்கி உண்ணலாம்.

நம் பெண்களுக்கு இரத்தச் சோகை அதிகம். கண்ணின் உள்தோல் வெளுத்து, இரண்டு மரம் சீவியதும் மூச்சு வாங்க நிற்கும் சகோதரிகளை நாம் நேரில் பார்த்திருக்கிறோம். முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது. ஆனால் சோற்றோடு சோறாகக் குடிக்கும் தேத்தண்ணீர் அந்த இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடியுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சம் பழச் சாறு பிழிந்தோ, ஒரு கொய்யாப்பழம் தின்றோ பாருங்கள். இரும்பு நன்றாகச் சேரும். இவ்வளவும் செய்தும் சோர்வு நீங்காவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும்; கீரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

அடுத்து, காட்டுக்குக் கொண்டுபோகும் சாப்பாடு. பழைய சோற்றைப் பழிக்க நாம் வரவில்லை. இரவுச் சோறு ஆறியவுடன் சுத்தமான தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, விடிந்ததும் பசியாறி முடித்துவிட வேண்டும். வழுவழுப்பும் கெட்ட வாடையும் கண்டால் கொட்டிவிட வேண்டும். ஆனால் பகல் சோற்றைச் சட்டியிலேயே கிடக்கவிட்டு, இரவில் வறுத்துக் குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து. சோற்றில் பிழைத்திருக்கும் ஒருவகைக் கிருமி கக்கும் விஷம், வறுத்தாலும் சாகாது. ஐஸ் பெட்டி உள்ளவர்கள் இரண்டு மணி நேரத்திற்குள் உள்ளே வைத்துவிடுங்கள். தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு தூக்குச்சட்டியில் விரைவில் புளித்துவிடும். காட்டுக்குப் புளி சேர்த்த குழம்பும் நெத்திலிச் சம்பலுமே ஏற்றவை.

சேமிப்பில் மூன்று எச்சரிக்கைகள்.

முதலாவது, பூசணம். அரிசி, பருப்பு, கச்சான் ஆகியவற்றை வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, இறுக மூடும் டின்னில் தரைக்கு மேலே வையுங்கள். பூசணம் பிடித்த கச்சானைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியை வறுக்கலாம் என்று எண்ணாதீர்கள். 1988-ஆம் ஆண்டில் பேராக்கில் அரிசி மாவில் செய்த மீயை உண்டு 13 குழந்தைகள் மாண்டன. பூசணம் உண்டாக்கும் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சு அவர்கள் ஈரலைத் தாக்கியதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இரண்டாவது, எறும்புக்காக அலமாரிக் கால்களின் கீழே வைக்கும் தண்ணீர்க் கிண்ணம். எறும்பு ஏறாது, உண்மை. ஆனால் அதே தண்ணீரில் டிங்கிக் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை கொட்டி, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி வேறு தண்ணீர் ஊற்றுங்கள்.

மூன்றாவது மிக முக்கியம். பால் உறையவைக்கும் திராவகம் இருந்த போத்தலையும், புல் மருந்து வந்த டின்னையும் எத்தனை முறை கழுவினாலும் எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ வைக்காதீர்கள். அதேபோல், திராவகத்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். குழந்தைக்கு அது சர்பத்தாகத்தான் தெரியும்.

சகோதரர்களே, கடைசியாக உங்களுக்கு. உங்கள் மனைவியும் உங்களோடு பெரட்டில் நிற்கிறார். உங்களோடு மரம் சீவுகிறார். வீடு திரும்பியதும் நீங்கள் பத்திரிகையை எடுக்கிறீர்கள், அவர் அடுப்பைப் பற்றவைக்கிறார். இங்கே சொன்னவற்றில் பயறு ஊறவைக்கவும், கீரை ஆயவும், அரிசி டின்னை வெயிலில் வைக்கவும் பெண்ணின் கைதான் வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை. சமவேலைக்குச் சமகூலி கேட்பவர்கள், வீட்டு வேலையிலும் பங்கெடுப்பதுதான் முறை.

கூலி உயர்வுக்காக நாம் சேர்ந்து போராடுவோம். அந்தக் கூலி வரும்போது அதை உண்டு தெம்போடு நிற்கும் உடல்களும் நமக்கு வேண்டும். இன்றிரவு கஞ்சி வடிக்கும்போது, சட்டியைச் சாக்கடைப் பக்கம் சாய்க்குமுன் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.